எட்டு கிலோமீட்டர் தள்ளி பெட்ரோல் ஆறு ரூபாய் குறைவு, போகலாமா?

கடலூரில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் தெரிந்த விஷயம்தான். தென்பெண்ணைப் பாலத்தைத் தாண்டி முள்ளோடை வரைக்கும் போய்விட்டால் புதுச்சேரி எல்லை வந்துவிடும், அங்கே பெட்ரோலுக்கான வரி குறைவு, அதனால் விலையும் குறைவு. எவ்வளவு குறைவு என்பது அவ்வப்போது மாறும். ஆனால் "அங்க போய் போட்டுக்கிட்டு வந்துடேன்" என்று யாராவது சொல்லாத வீடு எங்கள் பக்கத்தில் இருக்காது.

போவது லாபமா இல்லையா என்று கேட்டால் ஆளாளுக்கு ஒரு பதில் சொல்வார்கள், பெரும்பாலும் கணக்குப் போடாமலேயே. ஆனால் இது ஏழாம் வகுப்பில் படித்த நேர் விகிதக் கணக்கு, ஒரு நிமிட வேலை. கணக்குக்காக ஒரு விலை வைத்துக்கொள்வோம்: எல்லைக்கு அந்தப் பக்கம் லிட்டர் 96 ரூபாய், இந்தப் பக்கம் 102. வீட்டிலிருந்து பெட்ரோல் பங்க்குக்குப் போக 8 கிலோமீட்டர், வர 8, மொத்தம் 16. பைக் லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுக்கிறது. 48-க்கு ஒரு லிட்டர் என்றால் 16-க்கு மூன்றில் ஒரு பங்கு லிட்டர், அதாவது 32 ரூபாய். போய் வருகிற செலவே 32. மிச்சமாவது லிட்டருக்கு 6. அப்படியென்றால் 32-ஐ 6-ஆல் வகுக்கணும், ஐந்தே கால் லிட்டருக்குக் கொஞ்சம் மேலே வரும். அதற்குக் குறைவாகப் போட்டால் நஷ்டம். 200 ரூபாய்க்கு, அதாவது இரண்டு லிட்டர் போட்டுக்கொண்டு வருகிறவர் 12 ரூபாய் மிச்சம் பிடிக்க 32 ரூபாய் எரித்திருக்கிறார். 8 லிட்டர் போட்டால் 48 மிச்சம், 32 போக 16 ரூபாய் கையில் நிற்கும்.

கார் என்றால் லிட்டருக்கு 16 கிலோமீட்டர் என்று வைத்தால் போய் வரவே முழுசாக ஒரு லிட்டர், 96 ரூபாய். 16 லிட்டர் போட்டால் கணக்கு நேராகும், 30 லிட்டர் போட்டால் 180-லிருந்து 96 போய் 84 ரூபாய் மிஞ்சும். அந்த 84 ரூபாய்க்காக முக்கால் மணி நேரம் செலவழிப்பதா என்பது உங்கள் இஷ்டம். ஆனால் தினமும் வேலைக்கு புதுச்சேரி போய் வருகிற என்னைப் போன்ற ஆளுக்கு அந்த 16 கிலோமீட்டர் தனிச் செலவே கிடையாது, வழியில் நின்று போடுகிறோம், ஆறு ரூபாயும் முழுசாக நமக்குத்தான். ஒரே பங்க், ஒரே விலை, ஆனால் பதில் ஆளுக்கு ஆள் வேறு. நான் சொல்ல வருவதே இதைத்தான். விலையை எதன்மேல் வகுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது, பெருக்கல் வகுத்தல் எல்லாம் அதற்கு அப்புறம்.

இந்த விகித முறை ரொம்பப் பழசு. 499-ல் ஆரியபட்டர் எழுதிய ஆரியபடீயத்திலேயே திரைராசிகம் என்ற பெயரில் இருக்கிறது. தெரிந்த மூன்று எண்களை வைத்துத் தெரியாத நான்காவதைக் கண்டுபிடிப்பது. பலனை இச்சையால் பெருக்கி பிரமாணத்தால் வகு என்பார்கள். 3 கிலோ 135 ரூபாய் என்றால் 5 கிலோ எவ்வளவு? இதில் 3 பிரமாணம், 135 பலன், 5 இச்சை. 135-ஐ 5-ஆல் பெருக்கி 3-ஆல் வகுத்தால் 225. பள்ளியில் ஓரலகு முறை என்று சொல்லிக்கொடுத்ததும் இதேதான், முதலில் ஒரு கிலோவுக்கு 45 என்று கண்டுபிடித்துவிட்டு அப்புறம் பெருக்குவோம். விடை ஒன்றுதான், உங்களுக்கு எது மனசில் ஓடுகிறதோ அதைப் போடுங்கள். கடையில் நிற்கும்போது எனக்கு ஓரலகு முறைதான் கைகொடுக்கிறது, ஏனென்றால் எல்லாவற்றையும் "நூறு கிராமுக்கு எவ்வளவு" என்று ஒரே இடத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் எத்தனை பொருள் வேண்டுமானாலும் ஒப்பிடலாம்.

அரிசியையே எடுத்துக்கொள்ளுங்கள். 25 கிலோ சிப்பம் வாங்கிய காலம் போய் இப்போது கடைகளில் 26 கிலோ மூட்டை நிற்கிறதே, ஏன் என்று யோசித்ததுண்டா? 2022 ஜூலை 18 முதல், 25 கிலோ வரைக்கும் பெயர் அச்சிட்டு முன்கூட்டியே கட்டிய அரிசிக்கு 5 சதவீதம் ஜிஎஸ்டி வந்தது. அதற்கு மேல் எடை என்றால் அந்த வரி இல்லை. ஆலைக்காரர்கள் ஒரு கிலோ கூட்டிக் கட்ட ஆரம்பித்தார்கள். இதனால் மூட்டைக்கு மூட்டை விலையை ஒப்பிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு கடையில் 25 கிலோ 1,400, இன்னொரு கடையில் 26 கிலோ 1,430 என்று வைத்துக்கொள்வோம். 30 ரூபாய் அதிகம் என்று தோன்றும். வகுத்தால் முதலாவது கிலோ 56, இரண்டாவது 55. வகுக்கவே வேண்டாம் என்றாலும் வழி இருக்கிறது: கூடுதலாக வருகிற ஒரு கிலோவுக்கு நாம் கொடுப்பது 30 ரூபாய், சாதாரண விலையோ 56, அப்புறம் என்ன யோசனை, இரண்டாவதை எடுக்கலாம். இப்படி வித்தியாசத்தை மட்டும் பார்க்கிற வழி மளிகைக் கடையில் நிற்கும்போது ரொம்ப வேகமானது.

எண்ணெயில் இன்னொரு சிக்கல், லிட்டரும் கிலோவும். எங்கள் மாவட்டத்தில் மல்லாட்டை (நிலக்கடலை) விளைகிற ஊர்கள் நிறைய, செக்கு எண்ணெய்க் கடைகளும் நிறைய, ஒரு கடையில் லிட்டர் விலை எழுதியிருக்கும், அடுத்த கடையில் கிலோ விலை. எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் எடைபோட்டால் சுமார் 910 கிராம்தான் வரும். லிட்டர் 273 ரூபாய் என்றால் கிலோவுக்கு 273-ஐ 0.91-ஆல் வகுக்கணும், 300 வருகிறது. அப்படியென்றால் கிலோ 290 என்று எழுதிய கடைதான் மலிவு, 273 என்று எழுதிய கடை இல்லை. பாக்கெட் எண்ணெயிலும் இப்படித்தான், ஒன்றில் மில்லி இருக்கும், ஒன்றில் கிராம் இருக்கும், பார்க்க இரண்டும் ஒரே உயரம்.

பாக்கெட்டைத் திருப்பிப் பார்த்தால் எம்ஆர்பி பக்கத்தில் சின்ன எழுத்தில் கிராமுக்கு இத்தனை ரூபாய், மில்லிக்கு இத்தனை ரூபாய் என்று ஒன்று அச்சிட்டிருப்பார்கள். நமக்காகவே விதி போட்டுக் கொண்டுவந்த எண் அது, பயன்படுத்துங்கள். ஆனால் இரண்டு விஷயம் கவனிக்கணும். ஒரு கிலோவுக்குக் குறைந்த பாக்கெட்டில் கிராம் கணக்கிலும் அதற்கு மேற்பட்டதில் கிலோ கணக்கிலும் இருக்கும், ஒன்றில் 0.46, இன்னொன்றில் 430 என்று பார்த்தால் குழம்பக் கூடாது, 0.46-ஐ ஆயிரத்தால் பெருக்கினால் கிலோ 460. இன்னொன்று, அது எம்ஆர்பியை வைத்துப் போட்டது. கடைக்காரர் எம்ஆர்பியில் தள்ளுபடி கொடுக்கிறார் என்றால் அந்த எண் உதவாது, கொடுக்கப்போகிற விலையை வைத்து நாமே போடணும்.

பெரிய பாக்கெட்தான் எப்போதும் மலிவு என்று நம்பிவிடவும் கூடாது. ஒரு ரூபாய் ஷாம்பு பாக்கெட்டில் எத்தனை மில்லி என்று படித்துவிட்டு பாட்டிலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 5 மில்லி என்றால் 180 மில்லிக்கு 36 ரூபாய்தான் ஆகிறது. அந்த விலைக்கு பாட்டில் கிடைக்குமா? (குப்பை சேர்கிறது என்ற வருத்தம் எனக்கும் உண்டு, அது வேறு கணக்கு.) அதே மாதிரி "20 சதவீதம் கூடுதல்" என்று எழுதியிருப்பதை 20 சதவீதத் தள்ளுபடி என்று எடுத்துக்கொள்கிறோம். 60 ரூபாய்க்கு 100 கிராம் இருந்தது 120 கிராம் ஆனால் நூறு கிராம் 50 ரூபாய். உண்மையான 20 சதவீதத் தள்ளுபடி என்றால் 48 ஆகியிருக்கணும்.

சரி, இதுவரைக்கும் கிலோ, லிட்டர். நாம் கிலோவையா சாப்பிடுகிறோம்?

கடலூர் முதுநகர் மீன்பிடித் துறைமுகத்தில் ஞாயிற்றுக்கிழமை காலையில் நின்று பாருங்கள். "உரிச்சது எழுநூறு, முழுசு நானூறு, எது வேணும் தம்பி?" என்று இறால் விற்கிற அக்கா கேட்பார். நானூறு என்றதும் கை முழு இறால் பக்கம் போகும். தலையும் ஓடும் போனால் இறாலில் கிட்டத்தட்ட பாதிதான் மிஞ்சும், வகையைப் பொறுத்துக் கொஞ்சம் கூடும் குறையும். குழம்புக்கு எனக்குத் தேவை அரைக் கிலோ சதை. முழுசாக ஒரு கிலோ வாங்கினால் 400, சுத்தம் செய்ய 40, ஆக 440. உரித்ததாக அரைக் கிலோ வாங்கினால் 350. உரித்தது 90 ரூபாய் மலிவு. இருந்தாலும் எங்கள் அம்மா முழு இறால்தான் வாங்குவார், தலையோடு இருந்தால்தான் புதுசா பழசா என்று கண்ணால் பார்க்க முடியும் என்பார். அந்த 90 ரூபாய் நிச்சயத்துக்கான விலை, எனக்கும் அது சரியென்றே படுகிறது. ஆனால் 90 ரூபாய் கொடுக்கிறோம் என்று தெரிந்து கொடுப்பது ஒன்று, 300 ரூபாய் மிச்சம் பிடித்தோம் என்று நினைத்துக்கொண்டு கொடுப்பது வேறு.

பண்ருட்டிப் பலாவுக்கும் இதே கதைதான். பத்து கிலோ பழம் 200 ரூபாய்க்கு வாங்கி அறுத்தால் எங்கள் வீட்டில் மூன்று கிலோ சுளை தேறும், கிலோ 67 ரூபாய் ஆகிறது. சுளையாக வாங்கினால் 100 என்றால் கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பிசினோடு போராடுவதற்குக் கிலோவுக்கு 33 ரூபாய் கிடைக்கிறது, கொட்டை வேறு குழம்புக்கு ஆகும், அறுக்கலாம். முந்திரியில் 240, 320 என்று தரம் சொல்வார்களே, அது ஒரு பவுண்டுக்கு, அதாவது 454 கிராமுக்கு எத்தனை முழுப் பருப்பு நிற்கும் என்பதன் உச்ச எண்ணிக்கை. எண் கூடக்கூட பருப்பு சிறுசு, விலையும் குறைவு. பாயசத்துக்கு உடைத்துப் போடத்தான் போகிறோம் என்றால் உடைசல் வாங்கினாலே போதும், முழுசுக்கான காசு வீண்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த கணக்கு இட்லி மாவு. திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் தெருவில் ஓர் அக்கா மாவு அரைத்து விற்கிறார், கிலோ 40 ரூபாய். உளுந்து விலை ஒரேயடியாக 140-லிருந்து 180-க்குப் போனதும் "முப்பது பர்சென்ட் ஏறிடுச்சு, நானும் முப்பது பர்சென்ட் ஏத்தணும், அம்பத்திரண்டு வெச்சா வாங்குவாங்களா?" என்று கவலையோடு கேட்டார். உட்கார்ந்து கணக்குப் போட்டோம். நாலுக்கு ஒன்று என்பது அவர் விகிதம். இட்லி அரிசி 4 கிலோ, கிலோ 45 என்று 180. உளுந்து 1 கிலோ 140. மொத்தம் 320. அரைத்தால் 12 கிலோ மாவு வருகிறது, அப்படியென்றால் கிலோ மாவுக்குச் சரக்குச் செலவு 26 ரூபாய் 67 காசு. உளுந்து 180 ஆனபின் மொத்தம் 360, பன்னிரண்டால் வகுத்தால் 30 ரூபாய். ஏறியது 3 ரூபாய் 33 காசுதான்! உளுந்து கிட்டத்தட்ட 30 சதவீதம் ஏறினாலும் மொத்தச் சரக்குச் செலவில் அதன் பங்கு பாதிக்கும் குறைவு, அந்த அளவுக்குத்தான் மாவு விலையில் தெரியும். 52 தேவையில்லை, 44 வைத்தாலே பழைய லாபம் நிற்கும், கரண்டுக்கும் கவருக்கும் அவர் உழைப்புக்கும் முன்பு மிஞ்சியது அப்படியே மிஞ்சும். எட்டு ரூபாய் அதிகம் வைத்திருந்தால் வாடிக்கையாளர் பாதிப்பேர் பக்கத்துத் தெருவுக்குப் போயிருப்பார்கள்.

அதோடு நிற்கவில்லை. "140 ரூபாய்க்கே இன்னொரு கடையில கிடைக்குது, ஆனா அது அவ்வளவா காணாது" என்றார் அக்கா. மாவு அரைக்கிறவர்களுக்குத் தெரியும், நல்ல புது உளுந்து பொங்கப் பொங்க நிறையக் காணும், பழசு அதே அளவுக்குக் கம்மியாகத்தான் காணும். சரி, அதையும் போடுவோம் என்றேன். 180 ரூபாய் உளுந்து நன்றாகக் கண்டு 13 கிலோ மாவு வந்தால், 360-ஐ 13-ஆல் வகுத்து 27 ரூபாய் 69 காசு. 140 ரூபாய் உளுந்து காணாமல் 11 கிலோவோடு நின்றால், 320-ஐ 11-ஆல் வகுத்து 29 ரூபாய் 9 காசு. விலை அதிகமான உளுந்தில் மாவு மலிவு. உளுந்தைக் கிலோவால் வகுத்துப் பார்க்கிறவருக்கு 140 மலிவு, மாவால் வகுத்துப் பார்க்கிறவருக்கு 180 மலிவு. அவர் விற்பது மாவு. இந்த ஒரு கணக்கைச் சின்னதாகத் தொழில் செய்கிற ஒவ்வொருவரும் போட்டுப் பார்க்கணும் என்று எனக்கு ஆசை, மாவோ, முறுக்கோ, தையலோ, எதுவானாலும். பெரிய கம்பெனிகளுக்கு இதைப் பார்க்கத் தனி ஆள் இருக்கிறார், நம் தெரு அக்காவுக்கு யார் இருக்கிறார்?

எல்லாக் கணக்கும் இப்படி நேர் விகிதத்தில் ஓடாது, அதையும் சொல்லிவிடுகிறேன். இரண்டும் சேர்ந்து ஒரே அளவில் ஏறினால்தான் நேர் விகிதம். ஆட்டோவில் குறைந்தபட்சக் கட்டணம் என்று ஒன்று இருந்தாலே அது போச்சு, தூரம் இரண்டு மடங்கானால் காசு இரண்டு மடங்கு ஆகாது. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம் போக வேன் பிடிக்கிறோம், வாடகை 6,000, பன்னிரண்டு பேர், தலைக்கு 500. கடைசி நாளில் மூன்று பேர் வரவில்லை. கால்வாசிப் பேர் குறைந்தார்கள், அதனால் தலைக்குக் கால்வாசி ஏறும், 625 என்று வேனில் யாராவது சொல்வார். இது எதிர் விகிதம், 6,000-ஐ 9-ஆல் வகுத்தால் 667. ஏறியது மூன்றில் ஒரு பங்கு. ஆளுக்கு 625 வசூலித்தவர் கையிலிருந்து 375 ரூபாய் போட்டிருப்பார்.

கரண்ட் பில் இன்னும் மோசம், அது படிக்கட்டு. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பரில் வந்த வீட்டுக் கட்டணத்தையே எடுத்துக்கொள்வோம். (2024-ல் விலை கொஞ்சம் ஏறியது, படிக்கட்டின் அமைப்பு மாறவில்லை. நீங்கள் போடும்போது அன்றைய அட்டவணையை வைத்துப் போடுங்கள்.) இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம், 101-லிருந்து 200 வரை யூனிட் 2.25, 201-லிருந்து 400 வரை 4.50, 401-லிருந்து 500 வரை 6 ரூபாய். 200 யூனிட் ஓடிய வீட்டுக்கு 225 ரூபாய். 400 யூனிட் ஓடிய வீட்டுக்கு 1,125. ஓடியது இரண்டு மடங்கு, பில் ஐந்து மடங்கு. வாடகைக்கு இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருக்கிற வீடுகளில் சண்டை வருவதே இதனால்தான், தனித்தனி மீட்டராக இருந்தால் ஆளுக்கு 225 கட்டியிருப்பார்கள்.

500 தாண்டினால் இன்னொன்றும் நடக்கும். 2.25 என்கிற படியே காணாமல் போய் 101-லிருந்தே 4.50 போடுவார்கள், 501-லிருந்து 600 வரை யூனிட் 8 ரூபாய். இந்த இடத்தில் விகிதமும் வேண்டும், விகிதம் எங்கே உடைகிறது என்பதும் தெரியணும். ரீடிங் எடுத்து 50 நாள் ஆகிவிட்டது, மீட்டர் 430 யூனிட் காட்டுகிறது என்று வைத்துக்கொள்வோம். இதே வேகத்தில் போனால் 60 நாளுக்கு 430-ஐ 60-ஆல் பெருக்கி 50-ஆல் வகுத்து 516. 500-லேயே நிறுத்தினால் பில் 1,725. 516 ஆனால் 300 யூனிட்டுக்கு 1,350, அடுத்த 100-க்கு 600, கடைசி 16-க்கு 128, மொத்தம் 2,078. அந்த 16 யூனிட்டின் விலை 353 ரூபாய், யூனிட்டுக்கு 22 ரூபாய் விழுகிறது. மிச்சமிருக்கிற பத்து நாளில் 70 யூனிட்டுக்குள் இருக்கணும், ஒரு நாளைக்கு 7. இப்போது ஓடுவது 8.6. ஒரு நாளைக்கு 1.6 யூனிட் குறைக்க, ஏசி போடுகிற வீட்டில் அதை ஒன்றரை மணி நேரம் முன்னதாக அணைத்தால் கிட்டத்தட்ட வந்துவிடும். அட்டையை எடுத்துக் கடைசி ரீடிங் தேதியைப் பாருங்கள், இன்றைக்கு எத்தனையாவது நாள் என்று எண்ணிவிட்டு மீட்டர் பெட்டியைத் திறந்து போட்டுப் பார்க்கலாம்.